ஒரு வீடு, மூன்று ரவுட்டர்: தீவகத்தாருக்கு ஒரு கைநூல்

இன்ரநெற் இல்லாத வீட்டுக்கு இந்தக் கைநூல் உதவாது. மூன்று பெட்டியில் இருந்து மூன்று வைஃபை அடித்தும் ஒரு வட்ஸ்அப் படம் திறபடாமல் சுற்றிக்கொண்டே நிற்கிற வீடுகளுக்காக எழுதியது. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் அப்படியான வீடுகளைத் தேடி அலையத் தேவையில்லை. வீட்டில் நிரந்தரமாக இருப்பது ஆச்சி ஒருவர், கோழி நாலைந்து, ரவுட்டர் மூன்று.

எந்த வயரையும் தொட முன்னர் ஒரு தாளை எடுத்து ரவுட்டர்களின் வம்சாவளியை எழுதுங்கள். எது யார் கொண்டு வந்தது, எந்தத் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டு வந்தது, அவர் இன்னமும் யாரோடு கதைப்பதில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் ஐபி இலக்கமும் பாஸ்வேட்டும் இருக்கும். அதைக் கழற்றினால் யார் கோபிப்பார் என்பது இருக்காது. அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

வழக்கமான அமைப்பு இது. ஜன்னல் கரையில் சிம் போட்ட 4ஜி பெட்டி ஒன்று இருக்கும். உள்ளூரில் வாங்கியது, தூசி பிடித்தது, யாரும் மதிக்காதது. இன்ரநெற் உண்மையில் வருவது இதற்குள் மட்டும்தான். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நாலு கொம்போடு கறுப்பாக இருப்பது கனடா மாமா கொண்டு வந்தது. படலையில் கமரா பூட்டிய வருசம், அதை ரொறொன்ரோவில் இருந்து பார்ப்பதற்காக வந்து சேர்ந்தது. விறாந்தையில் கொம்பே இல்லாமல் வெள்ளையாக உட்கார்ந்திருப்பது சுவிஸ் சித்தப்பாவுடையது. ஒன்று ஆச்சியின் மகன் தந்தது, மற்றது மருமகன் தந்தது. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இனி வருத்தத்துக்கு வருவோம். ரவுட்டரின் பெரிய வேலை இன்ரநெற் தருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு: வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு போனுக்கும் ரிவிக்கும் கமராவுக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, வெளியே போக எந்த வாசலால் போவது என்று காட்டிவிடுவது. இதற்கு டிஎச்சிபி என்று பெயர். இன்று புழங்குகிற அதன் விதி 1997 மார்ச்சில் எழுதப்பட்டது. கலியாண வீட்டில் பந்திக்கு ஆட்களை இருத்துகிறவர் செய்யும் வேலை. ஒருவர் இருத்தினால் எல்லோருக்கும் சோறு வரும். மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று இருத்தினால் ஒரு கதிரையில் இரண்டு பேர் இருப்பார்கள், மிச்சப் பேர் சமையலே இல்லாத பந்தலில் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்.

இலக்கம் எல்லாம் ஏன் 192.168 என்றே தொடங்குகிறது என்று சிலர் கேட்பார்கள். 1996 பெப்ரவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் சில இலக்கத் தொகுதிகளை ஒதுக்கி, இவற்றை எந்த வீட்டுக்காரரும் யாரிடமும் கேளாமல் தன் வளவுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த மாதம் வலிகாமத்துச் சனத்தில் பெரும்பகுதி போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பிறத்தியார் வளவில் இருந்தது. தீவகத்தாரில் கனபேர் 1990 இலேயே ஊரைவிட்டு வெளிக்கிட்டிருந்தார்கள். உலகத்தில் உள்ள வீடுகளுக்கெல்லாம் இலக்கம் ஒதுக்கிய நேரத்தில் எங்களுக்கு வீடு இருக்கவில்லை. வீடு திரும்பக் கைக்கு வந்தபிறகு அதற்கு இலக்கம் போட மூன்று நாட்டில் இருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்றால், நான் பிழை சொல்லமாட்டேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனில் வைஃபைப் பெயரை அழுத்திப் பிடியுங்கள். 169.254 என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தால் அந்தச் சாதனத்துக்கு ஒருவருமே இலக்கம் தரவில்லை, தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். அது நல்ல செய்தி. பிழை ஒரே இடத்தில் இருக்கிறது. கெட்ட செய்தி 192.168.1.1. பல கம்பனிக்காரர் தங்கள் பெட்டிக்கு வைத்து அனுப்பும் இலக்கம் இதுவேதான். உங்கள் 4ஜி பெட்டியும் அது, மாமாவின் பெட்டியும் அது, வெள்ளைப் பெட்டியும் அதுவாக இருந்தால், பிரவுசரில் அந்த இலக்கத்தை அடித்துப் பாருங்கள். ஒரு தரம் மாமாவின் பெட்டி வாசலைத் திறக்கும். பிறகு அடித்தால் சித்தப்பாவின் பெட்டி ஜெர்மன் மொழியில் பாஸ்வேட் கேட்கும். மூன்றும் தன்னையே வீட்டுத் தலைவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் பொய் சொல்லவில்லை.

இதில் மிகவும் கடினமான வழக்கு ஆச்சியுடையது. கமராவைப் பூட்டிய பெடியன் அதற்கு 192.168.1.10 என்று நிரந்தர இலக்கம் ஒன்று போட்டுவிட்டுப் போயிருப்பான். ரவுட்டர் அதை அறியாது. தன் பட்டியலில் 10 வெறுமையாக இருக்கக் கண்டு ஆச்சியின் போனுக்குக் கொடுக்கும். ஆச்சி கோயிலுக்குப் போனால் கமரா வேலை செய்யும். ஆச்சி போனோடு வீட்டுக்குள் வந்தால் கமரா நின்றுவிடும். ரொறொன்ரோவில் விடியப்புறம் எழும்பிப் படலையைப் பார்க்கிற மகனுக்கு இதில் ஒரு ஒழுங்கு புலப்படும்.

"மருமோன், அம்மா உள்ள வந்தவுடன ஏன்ரா கமரா நிக்குது? அவ வயரைப் பிடுங்குறாவோ?"

"நான் என்ரபாட்டில தேங்காய் திருவிக்கொண்டு இருக்கிறன். உந்தச் சாமானை நான் ஏன் தொடுறன்?" என்பா ஆச்சி, போனைக் காதில் வைத்துக்கொண்டே.

இருவரும் சொல்வது உண்மை. இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த முயலாதீர்கள். மகன் பார்ப்பதால் தாய் கமராவை நிற்பாட்டுகிறா என்ற கதை இதற்குள் சுவிசுக்கும் போயிருக்கும்.

அடுத்தது கரண்ட். போய் வந்த பிறகுதான் பிழை வருகிறது என்றால் நீங்கள் கற்பனை செய்யவில்லை. மூன்று பெட்டியும் ஒன்றாக விழிக்கும். வெள்ளைப் பெட்டி கெதியாக எழும்பி வீட்டில் உள்ள போன்களுக்கெல்லாம் தன் இலக்கத்தைக் கொடுத்து முடித்துவிடும். 4ஜி பெட்டி ரவரைத் தேடிப் பிடித்து, சிம்மைச் சரிபார்த்து எழும்ப நேரம் எடுக்கும். அது வருவதற்குள் போன்கள் எல்லாம் சித்தப்பாவின் ஆட்களாகி இருக்கும். வைஃபை நிறையக் கோடு காட்டும், இன்ரநெற் இருக்காது.

கரண்ட் கதையில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்காரருக்கு ஒரு மேலதிகப் பாடம் இருக்கிறது. டீசல் ஜெனரேற்றரில் ஓடிய இந்த மூன்று தீவுக்கும் சூரிய, காற்று மின்சாரம் தருகிற வேலை 2021 ஜனவரியில் சீனக் கம்பனி ஒன்றுக்கு என்று முடிவானது. இந்தியா முகம் சுளித்தது. அந்த வருசம் டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலையை நிறுத்துவதாகக் கொழும்பில் உள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு வேலை ஒப்பந்தம், ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில். ஒரே இலக்கத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் தீர்வுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று இனி யாரும் உங்களிடம் கேட்டால் இந்தத் திகதிகளைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ரவுட்டர் ஒப்பீட்டளவில் வேகமானது.

சரி, திருத்துவோம். முதலில் எல்லோரும் செய்கிற வைத்தியத்தைச் செய்யாதீர்கள்: சட்டைப்பின்னை எடுத்து றீசெற் ஓட்டைக்குள் குத்துவது. குத்தினால் பெட்டி மறுபடியும் 192.168.1.1 ஆகி, டிஎச்சிபியை மூட்டிக்கொண்டு, பிறந்த நாளின் அகங்காரத்தோடு எழும்பும். பாஸ்வேட் மறந்து உள்ளே போக வேறு வழியே இல்லையென்றால் மட்டும் குத்துங்கள். அப்போதும் மற்ற இரண்டையும் நிற்பாட்டிவிட்டுத்தான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். இன்ரநெற் எதற்குள் வருகிறதோ அதைத் தலைமையாக விடுங்கள்; அது 192.168.1.1 ஆகவே இருக்கட்டும். மாமாவின் பெட்டியைத் தனியாக எடுத்து, அதன் இலக்கத்தை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை நிற்பாட்டுங்கள். சித்தப்பாவினதுக்கு 192.168.1.3. 4ஜி பெட்டியில் இருந்து வரும் வயரை இவற்றின் நீல ஓட்டையில் குத்தாமல் மஞ்சள் ஓட்டைகளில் ஒன்றில் குத்துங்கள். நிறம் வேறாக இருந்தால், தனியே ஒதுங்கி நிற்கிற ஓட்டையை விட்டு வரிசையாக நிற்கிறவற்றில் ஒன்றைப் பாருங்கள். குத்த முன்னர் வயரின் நுனியையும் பாருங்கள். கடற்காற்றில் அந்தச் செப்புப் பற்கள் பச்சை பிடித்திருந்தால் எந்தச் செற்றிங்கும் உதவாது, நுனியை வெட்டிப் புதிதாகப் போடவேண்டும். தலைமைப் பெட்டி இலக்கம் கொடுப்பதை 100 இல் இருந்து 200 வரை என்று கட்டுப்படுத்துங்கள். கமராவின் 10 அதற்கு வெளியே நிம்மதியாக இருக்கும், ஆச்சியும் வீட்டுக்குள் வரலாம்.

மூன்றுக்கும் ஒரே வைஃபைப் பெயர், ஒரே பாஸ்வேட். சனல் மட்டும் வேறு வேறு: 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 தான் ஒன்றோடு ஒன்று முட்டாமல் நிற்கும். சுவிசில் இருந்து வந்த பெட்டியைத் தன்பாட்டில் விட்டால் 13 ஆம் சனலுக்குப் போய் நிற்கக்கூடும். ஐரோப்பாவில் அது உண்டு, வட அமெரிக்காவில் 11 க்கு மேல் வழக்கமில்லை. ஆகவே கனடாவில் வாங்கிய போனுக்குச் சித்தப்பாவின் வைஃபை கண்ணிலேயே படாமல் போகலாம். மாமா இதைத் தனிப்பட்ட விசயமாக எடுப்பார். இந்த நாட்டில் 13 என்பது 1987 இல் இருந்து அப்படித்தான், மாமா, எழுத்தில் இருக்கும், கைக்கு அகப்படாது என்று ஆறுதல் சொல்லலாம். அந்த 13 ஆம் திருத்தத்தின் கீழ் வந்த வட மாகாண சபை கலைந்த 2018 ஒக்ரோபருக்குப் பிறகு இந்தப் பகிடிக்குச் சிரிக்கிறவர் குறைவு.

நெடுந்தீவுக்காரர் கவனிக்க: பவளக்கல் வைத்துக் கட்டிய தடித்த சுவருக்குள்ளால் 5 கிகாஹேர்ட்ஸ் ஊடுருவாது, 2.4 ஐ நம்புங்கள். திருத்துகிற பெடியன் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் வருகிறவன். பின்னேர வள்ளத்தைப் பிடிக்கும் அவசரத்தில் அவனுக்கு றீசெற் மட்டும்தான் ஞாபகம் வரும். ஆகவே பாஸ்வேட்டுகளை எழுதிய தாளை அவன் வர முன்னரே எடுத்து வையுங்கள், சோறும் போடுங்கள்.

இப்போது உறவுப் பக்கம். டிஎச்சிபியை நிற்பாட்டினேன் என்று யாருக்கும் அறிவிக்க வேண்டாம். "உங்கட பெட்டியை நிப்பாட்டிப்போட்டன்" என்பதாகத்தான் அது ரொறொன்ரோவில் கேட்கும். பெட்டி நிற்கவில்லை, வைஃபை பரப்புகிறது, நாலு கொம்பும் நிமிர்ந்து நிற்கிறது, லைற்றும் எரிகிறது. இலக்கம் கொடுக்கிற அதிகாரம் மட்டும்தான் போயிருக்கிறது, அது இருந்ததே மாமாவுக்குத் தெரியாது. வீடியோவில் கதைக்கும்போது போனை அந்தப் பக்கம் ஒருக்கால் திருப்பிக் காட்டுங்கள். சித்தப்பா எடுத்தால் விறாந்தைப் பக்கம் திருப்புங்கள். "இப்ப என்ன ஸ்பீட், பாத்தியே, நான் தந்ததுதான்" என்று இருவரும் சொல்வார்கள். இருவருக்கும் ஓம் என்று சொல்லுங்கள். ஜன்னல் கரைப் பெட்டிக்கு மாதாமாதம் காசு போடுகிறவர் நீங்கள் என்பதை அந்த நேரத்தில் எடுக்கவேண்டாம்.

கடைசியாக ஒரு முன்னெச்சரிக்கை. 2025 ஜூலையில் இலங்கைக்கு ஸ்ரார்லிங்க் செய்மதி இன்ரநெற் வந்துவிட்டது. வருகிற ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வரும்போது கூரையில் ஒரு தட்டுப் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், அதோடு வருகிற ரவுட்டரின் இலக்கமும் 192.168.1.1 என்பதை இப்போதே குறித்து வையுங்கள். அந்தப் பெட்டியின் அதிகாரத்தைப் பறிக்கப் பைபாஸ் என்று ஒரு வழி உண்டு, ஆனால் அதை ஸ்ரார்லிங்க் செயலிக்குள் போய்த்தான் மூட்டவேண்டும். செயலிக்கான கணக்கை மாமாவின் பெயரில் திறப்பதா, சித்தப்பாவின் பெயரில் திறப்பதா என்று கதை எழும்பும். ஆச்சியின் பெயரில் திறவுங்கள்.