அமாவாசையன்று வீடு பார்க்கவும்

நியூஜெர்சியில் பிப்ரவரி மாதம், வாசல் பனியை மூன்றாம் முறையாக வழிக்கும்போது, எந்தத் தமிழனுக்கும் மனத்தில் ஒரு தெற்கத்தி ஊர் தோன்றும். சிலருக்கு டெக்ஸாஸ், சிலருக்கு ஃப்ளோரிடா. கொஞ்சம் ரசனை உள்ளவர்கள், அல்லது உள்ளதாக நினைத்துக்கொள்பவர்கள், தென் கரோலினாவில் இருக்கும் சார்ல்ஸ்டன் என்பார்கள். அங்கே குடிபோகலாமா வேண்டாமா என்று ஆற அமர யோசித்து முடிவெடுக்க விரும்புவோருக்கு இந்த யோசனைகள் பயன்படும். முடிவை எப்போதோ எடுத்துவிட்டு, இப்போது காரணம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பயன்படும்.

முதலில் ஊரை நேரில் பார்க்க வேண்டும். ஏப்ரலில் போங்கள். அசேலியா பூத்திருக்கும், ஓக் மரங்களில் சடை சடையாகப் பாசி தொங்கும், குதிரை வண்டி டக் டக்கென்று போகும். ஈஸ்ட் பே தெருவில் ரெயின்போ ரோ என்று வரிசையாக 13 வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு மிட்டாய் நிறம். காற்றில் உப்பு வாசனை. கடைக்காரப் பையன் உங்களை வார்த்தைக்கு வார்த்தை 'சார்' என்பான். உங்கள் மகன் உங்களை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடமாகிறது என்று கணக்குப் போடுவீர்கள். "ஏங்க, பேசாம இங்கேயே வந்துடலாமா?" என்று மனைவி கேட்பார். முடிவெடுக்கும் வேலை அந்த நிமிடத்தோடு முடிந்தது. மிச்சமெல்லாம் எக்ஸெல்.

தப்பித் தவறியும் ஆகஸ்டில் போய்ப் பார்க்காதீர்கள். "மெட்ராஸ் வெயில்ல வளர்ந்தவங்கப்பா நாம" என்ற வீரமெல்லாம் ஓட்டல் வாசலிலிருந்து கார் வரை நடப்பதற்குள் சட்டையோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

எக்ஸெலில் முதல் வரியாகச் சொத்து வரியைப் போடுங்கள். மனது குளிர்ந்துவிடும். நியூஜெர்சியில் சராசரி வீட்டுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி வரி. அமெரிக்காவிலேயே அதிகம் கட்டுகிற புண்ணியவான்கள் நீங்கள்தான். தென் கரோலினாவில், சொந்தமாகக் குடியிருக்கும் வீடென்றால் சந்தை மதிப்பில் 4 சதவீதத்தை மட்டும் எடுத்து அதன்மேல் வரி போடுவார்கள். பள்ளி நடத்தும் செலவுக்கான வரியும் கிடையாது. ஆனால் இது தானாக வராது, 'நான் இங்கேதான் குடியிருக்கிறேன்' என்று விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 6 சதவீதம், பள்ளி வரியும் சேர்ந்து வரும். கிரகப்பிரவேச அசதியில் மறந்தவர்கள் முதல் பில்லைப் பார்த்து ஐயரைக் கூப்பிட்டு எந்த மந்திரம் விட்டுப்போயிற்று என்று விசாரிக்க வேண்டியதுதான். காருக்கும் வருடா வருடம் சொத்து வரி உண்டு. அதை எக்ஸெலில் கடைசிப் பக்கம் வையுங்கள்.

அதற்கும் பின்னால், யாரும் திறக்காத பக்கமாகப் பார்த்துக் காப்பீட்டை வையுங்கள். நியூஜெர்சியின் எடிசனில் வீட்டுக்கு ஒரு பாலிசியோடு நிம்மதியாக இருந்தீர்கள். இங்கே பல இடங்களில் மூன்று தேவைப்படும். வீட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைத் தொடாது. அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர், உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒரு லட்சம் தரும். பொதுவாக, எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். டிவியில் புயலின் கண்ணைப் பார்த்த பிறகு போன் போட்டுப் பயனில்லை. புயலுக்கான டிடக்டபிள் (உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பங்கு) பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். மூன்று சதவீதம்தானே என்பீர்கள். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு அது 15,000 டாலர். இதைக் கூட்டிப் பார்த்தவர்கள் வரியில் மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று என்று தேடுவார்கள். கூட்டாதவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். இது முடிவெடுப்பதற்கான வழிகாட்டி என்பதால் கூட்டாமலிருக்கவே பரிந்துரைக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். வீடு பார்க்க எந்த நாளில் போவது?

சார்ல்ஸ்டனின் பழைய நகரம், ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. இந்த இரண்டு ஆறும் கூடித்தான் அட்லாண்டிக் சமுத்திரமே உண்டாகிறது என்பது உள்ளூர்க்காரர்களின் பழைய பெருமைப் பேச்சு. அந்த நாக்கில் ஓடைகளும் சதுப்பும் ஏராளமாக இருந்தன. முந்நூறு வருடங்களில் கையில் கிடைத்த குப்பை, மண், மரத்தூள் எல்லாம் கொட்டித் தூர்த்து, மேலே தெரு போட்டார்கள், வீடு கட்டினார்கள். சுற்றுலாப் பயணிகள் கூடை வாங்கும் சிட்டி மார்க்கெட் நிற்பதும் தூர்த்த ஓடையின் மேல்தான். துறைமுகத்தில் கடல் மட்டம் கடந்த நூறாண்டில் ஏறத்தாழ ஓரடி உயர்ந்திருக்கிறது. ஓடைக்குத் தன் பழைய விலாசம் மறக்கவில்லை.

துறைமுக அளவுகோலில் கடல் ஏற்றம் 7 அடியைத் தொட்டால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். 8 அடி என்றால் பெருவெள்ளக் கணக்கு. மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தெரு முனையில் சாக்கடைக் கம்பி வலைக்குள் களுக் என்று ஒரு சத்தம். மழைநீர் வெளியே போகக் கட்டிய குழாய் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. முதலில் கம்பிகளுக்கிடையே நீர் மினுங்கும், பிறகு வலை மறையும், பிறகு நடைபாதை ஓரம், பிறகு காரின் டயர். ஆபீஸ் போகிறவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ரப்பர் பூட்ஸோடு நடப்பார். அது உப்புத் தண்ணீர் என்பதால் காருக்கு அடியில் என்ன செய்யுமென்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய வெள்ளம் வரும் நாள்களில் மாடிப் பார்க்கிங்குகளை நகராட்சி இலவசமாகத் திறந்துவிடும். நீங்கள் வேளச்சேரிக்காரர் என்றால் மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு வந்த அனுபவம் இங்கே கைகொடுக்கும். அந்த ஒரு தகுதியிலாவது ஒஹாயோவிலிருந்து வந்தவரைவிட நீங்கள் மேல்.

இந்த ஏற்றம் மிக அதிகமாக இருப்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதுவும் பொதுவாக செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதாவது மகாளய அமாவாசையும் தீபாவளி அமாவாசையும். அமாவாசை நமக்கு நல்ல நாள்தானே? எடுங்கள் பஞ்சாங்கத்தை. ஏற்ற வற்ற அட்டவணையில் உச்ச நேரம் எப்போதென்று பார்த்து, அதற்கு அரை மணி முன்னால் போய்த் தெருவில் நில்லுங்கள். ரியல்டர் சனிக்கிழமை காலை வரச் சொல்வார். "எங்க குடும்ப வழக்கம், அமாவாசைதான் பார்ப்போம்" என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் குடும்ப வழக்கத்துக்கு எதிராக யாரும் பேச மாட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் புரட்டாசி ஆகாது என்று வைத்த நம் பெரியவர்கள் அட்லாண்டிக்கைப் பார்த்ததில்லை. ஆனாலும் புயல் காலம் செப்டம்பர் 10 வாக்கில் உச்சத்துக்கு வருகிறது, ஹ்யூகோ புயல் ஊரைப் புரட்டிப்போட்டது 1989 செப்டம்பர் 21 இரவில். அந்த இரவு சுத்தமான புரட்டாசி.

அமாவாசை வரை பொறுமை இல்லாதவர்கள் ஏசி இயந்திரத்தைப் பாருங்கள். எல்லா ஊரிலும் அது வீட்டுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருக்கும். இங்கே சில தெருக்களில் ஆளுயர மரப்பலகை மேடையில் ஏறி நிற்கும். எத்தனை உயரத்தில் நிற்கிறதோ, அத்தனை உயரத்துக்கு அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ரியல்டரின் சிரிப்பை நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். ஏசி பொய் சொல்லாது.

பழைய வீடுகளின் அழகில் மயங்குவது இயற்கை. 'சிங்கிள் ஹவுஸ்' என்பார்கள். அகலம் ஒரே ஓர் அறை, தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கம் நீள நெடுகத் திண்ணை. தெருக்கதவைத் திறந்தால் வீடு வராது, திண்ணைதான் வரும். திண்ணையின் கூரைக்கு அடியில் வெளிர் நீலம் பூசியிருப்பார்கள், அங்கே வாழும் கறுப்பின குல்லா மக்களின் நம்பிக்கைப்படி ஆவிகளை அண்டவிடாமல் இருக்க. பூசணிக்காய்ப் பொம்மை கட்டிய பரம்பரைக்கு இது ஒத்துப்போகும். சுவரில் அங்கங்கே இரும்புப் பூ மாதிரி ஒன்று தெரியும். அலங்காரம் என்று போட்டோ எடுக்க வேண்டாம். 1886 ஆகஸ்ட் 31-இல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி கோத்து இழுத்து முடுக்கிய இடம் அது. ஆக, காற்று, தண்ணீரோடு பூமியும் பட்டியலில் உண்டு. 1931 முதல் கட்டட அழகைக் காக்க ஒரு குழுவும் இருக்கிறது. பழைய பகுதியில் தெருவிலிருந்து தெரியும் சுவருக்கு வேறு நிறம் அடிக்க வேண்டுமென்றால் நகராட்சி அனுமதி வேண்டும். வாஸ்துப்படி வாசலை மாற்றுவதைப் பற்றிக் கனவுகூட காணாதீர்கள்.

அந்த வீடுகளின் விலையைக் கேட்டதும் சம்மர்வில் ஞாபகத்துக்கு வரும். கடலிலிருந்து உள்ளே தள்ளி, நகரத்திலிருந்து 25 மைல். நம்மூர் மனை விளம்பரங்களில் 'சென்னைக்கு மிக அருகில்' என்று திண்டிவனத்தைக் காட்டுவார்களே, அந்தக் கணக்குதான். கடலுக்காக ஊர் மாறிவிட்டு, தினமும் ஐ-26 நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் பின்புறத்தைப் பார்த்தபடி வாழலாம். மறைமலை நகரில் இருந்துகொண்டு "மெட்ராஸ்தான்" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதில் சங்கடம் இருக்காது.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போயிங் 787 விமானங்களை இப்போது கடைசியாகக் கோத்து முடிப்பது நார்த் சார்ல்ஸ்டனில் மட்டும்தான். வால்வோ, துறைமுகம், மருத்துவப் பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. வீட்டிலிருந்தே வேலை என்ற தைரியத்தில் போகிறவர்கள், மேனேஜர் மாறினால் அந்தத் தைரியமும் மாறும் என்பதை நினைவில் வைப்பது நல்லது. வீட்டில் துணைக்குக் கரப்பான்பூச்சி உண்டு, பெரிது, பறக்கும். அதற்கு மாநில மரமான பால்மெட்டோவின் பெயரை வைத்துக் கௌரவமாகக் கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிட்டால் மாமியார் வரும்போது சமாளிக்கலாம்.

இந்தியச் சாப்பாட்டுக்கு எடிசன் ஓக் ட்ரீ ரோடு மாதிரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சாலையோரம் ஒருவர் பெரிய அண்டாவில் உப்புப் போட்டுப் பச்சை வேர்க்கடலையை வேகவைத்துக்கொண்டிருப்பார். வண்டியை நிறுத்துங்கள். தோலை உடைத்து அந்த வெந்நீரை உறிஞ்சும்போது மெரினாவும் மயிலாப்பூரும் வராவிட்டால் உங்கள் நாக்கில் கோளாறு. புத்தாண்டன்று வீட்டுக்கு வீடு அரிசியும் காராமணியும் சேர்த்துச் சமைப்பார்கள், ஹாப்பின் ஜான் என்று பெயர். வெண்டைக்காய் சூப் உண்டு, தக்காளி போட்ட சிவப்பு சாதம் உண்டு.

இந்த ஒற்றுமையில் பூரித்துப்போய் நிறுத்திவிட வேண்டாம். இந்தச் சமையல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் கைவண்ணம். நெல் சாகுபடி தெரிந்தவர்கள் அவர்கள். சதுப்பில் இடுப்பளவுச் சேற்றில் நின்று வரப்புக் கட்டி, மதகு வைத்து, கரோலினா நெல்லை விளைவித்தார்கள். ஏப்ரலில் நீங்கள் வாய்பிளந்து பார்த்த மாளிகைகள் அந்த நெல்லில் எழுந்தவை. அவர்களில் பலரைக் கப்பலிலிருந்து இறக்கிய கேட்ஸ்டன்ஸ் வார்ஃப் துறையில், 2023-இல் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வீடு பார்ப்பதற்கு முன்னால் அங்கே அரை நாள் போய்விட்டு வாருங்கள். அதன்பிறகு 'பிளான்டேஷன்' என்று முடியும் பெயர்கொண்ட குடியிருப்பில் நீச்சல் குளத்தோடு வீடு இருக்கிறது என்று ரியல்டர் சொன்னால், குளத்தைப் பற்றிக் கேட்பதா பெயரைப் பற்றிக் கேட்பதா என்று உங்களுக்கே தெரியும்.

இத்தனைக்கும் பிறகு போவதென்று தீர்மானித்தால் (தீர்மானித்தாகிவிட்டது), கடைசியாக ஊரைவிட்டு ஓடும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். உங்கள் வீடு வெளியேற்றத்துக்கான எந்த எழுத்து மண்டலத்தில் இருக்கிறது என்பதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். வெளியேறச் சொல்லி ஆளுநர் உத்தரவு போட்டால், ஐ-26 சாலையின் எதிர்த் தடங்களையும் திருப்பிவிட்டு, எல்லா வண்டியும் கொலம்பியாவை நோக்கிப் போக விடுவார்கள். இந்த ஞானம் 1999-இல் ஃப்ளாய்ட் புயலில் வந்தது. இரண்டு மணி நேரப் பயணம் அப்போது பலருக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. கொலம்பியாவில் இந்துக் கோயில் இருக்கிறது, ஆகவே பயணம் வீண் போகாது. பாஸ்போர்ட், மூன்று பாலிசிகள், சார்ஜர், தயிர் உறை ஊற்ற ஒரு சின்ன டப்பா, எல்லாவற்றையும் ஒரு பையில் தயாராக வையுங்கள். வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கிளறிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வேண்டாம். அந்தப் புழுக்கத்தில், அந்த நெரிசலில், ஆரஞ்ச்பர்க் தாண்டுவதற்குள் புளித்துவிடும்.