குண்டுச் சட்டிக்குள் குறி

கேள்வி: ஏர் ரைஃபிள் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். மெஸ் செலவு போக மிஞ்சுகிற காசில் குண்டு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. மலிவாக எதை வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், பொத்தேரி

பதில்: பிரியாணியைக் குறையுங்கள் என்றால் பொத்தேரியே என் மேல் பாயும். அதனால் குண்டுக்கே வருகிறேன். நல்லவேளை, நீங்கள் .22 தோட்டா ரைஃபிள் பக்கம் போகவில்லை. அதற்கு உரிமம் வேண்டும். ஒவ்வொரு தோட்டாவும் முதலில் பர்ஸைத்தான் சுடும்.

உங்களுடையது 4.5 மி.மீ. ஈயக் குண்டு. தட்டை மூக்குள்ளதாக வாங்குங்கள். பஞ்சிங் மெஷின் மாதிரி இலக்கு அட்டையில் வட்டமாக ஓட்டை போடும். மதிப்பெண்ணில் தகராறு வராது. கூர்மூக்கு பார்க்க ஜோர், அட்டையைக் கிழிக்கும். விலை உயர்ந்த டப்பாவைப் போட்டிக்கு வையுங்கள். பயிற்சிக்கு இரண்டு மூன்று மலிவு ரகங்களில் ஐந்தைந்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதென்று பாருங்கள். துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு, ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, பின்விளிம்பு நசுங்கிய குண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

இருப்பதிலேயே மலிவு, குண்டே போடாமல் விசை இழுத்துப் பழகுவது. 'டிரை ஃபயர்' வசதியுள்ள துப்பாக்கியில் மட்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் செய்தால் மிச்சம் பிடித்தது மெக்கானிக்குக்குப் போகும். குண்டில் மிச்சம் பிடித்தாலும் பழக்கத்தில் பிடிக்காதீர்கள்: சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்தப் போட்டியின் இலக்கில் நடுப்புள்ளி அரை மி.மீ.; கடுகே அதைவிடப் பெரிசு!

அப்புறம், ஈயம் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் பிரியாணியில் வையுங்கள்.