ஏடும் கட்டிலும்

கேள்வி: கப்பல் உத்தியோகம் என்றால் கடற்காற்றும் தேச சஞ்சாரமும்தானே? அதில் களைப்பு எங்கிருந்து வருகிறது?

பதில்: காற்று ஏராளம்தான், அகப்படாதது நித்திரை. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிப் புறப்பட்ட ‘ஷென் நெங் 1’ என்னும் சீனக் கப்பல், அன்றைய சூரியாஸ்தமனத்துக்கு முன்பே, புகழ்பெற்ற பெரும் பவளத்திட்டின் டக்ளஸ் மேட்டில் தரைதட்டிற்று. சரக்கேற்றத்தையும் கவனித்து, பின்னர்க் காவலுக்கும் நின்ற சீஃப் ஆபீசர், அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் உறங்கியது ஏறக்குறைய இரண்டரை மணி நேரமே என்று விசாரணையில் வெளிப்பட்டது. அந்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆறு மணி காவல், ஆறு மணி ஓய்வு என்று முறைவைத்து ஓடும் கப்பல்களில், உண்பதும் குளிப்பதும் கணக்கெழுதுவதும் அந்த ஓய்விலிருந்தே கழிய, எஞ்சியதை எஞ்சினின் அதிர்வும் அலையின் ஆட்டமும் பங்கிட்டுக்கொள்கின்றன. இருபத்து நான்கு மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு வேண்டுமென்று, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதித்திருக்கிறது. கப்பல் முதலாளிகள் காவலுக்கு இன்னுமோர் அதிகாரியை ஏற்றினால், அந்தப் பத்து மணியும் ஏட்டிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு வந்து சேரும்.