கை எட்டாத தாடிக்காரர்

பிராக் நகரத்துக்குப் போறீராமே மருமவனே, உம்ம அத்தை சொன்னா. அங்கன வல்தாவா ஆத்து மேல இருக்க சார்லஸ் பாலத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கீராம். தாராளந்தான். அறுநூறு வருசமா அந்தப் பாலம் உம்ம அரை மணி நேரத்துக்குத்தானே காத்துக் கெடக்கு. நம்ம மவ வேலை பாக்குத ஊரு அது. நானும் ஒரு கோடை பூரா அங்கன கெடந்துட்டு வந்தவன். அந்த உரிமையில ரெண்டு வார்த்தை சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீரும்.

மொத விசயம், பகல் பதினோரு மணிக்கு முன்னால அந்தப் பக்கம் தலைய காட்டிராதீரும். விடியக்காலம் போனா ஈ காக்கா இருக்காது. அப்புறம் முப்பது சிலை, கோபுரம், அக்கரை மேட்டுல கோட்டைன்னு எல்லாம் கண்ணுல பட்டுத் தொலைக்கும். பதினோரு மணிக்குன்னா அந்தத் தொல்லை இல்ல. முன்னால போறவரு முதுகுதான் தெரியும். பாலத்து அகலம் பத்து மீட்டருக்குள்ளதான், நீளம் அரைக் கிலோமீட்டர். முதுகு பாத்துக்கிட்டே அக்கரை சேந்துரலாம்.

கட்ட ஆரம்பிச்ச ராசா நான்காம் சார்லஸுக்கு இந்தச் சூட்சுமம் தெரியல. 1357ஆம் வருசம், 9ஆம் தேதி, 7ஆம் மாசம், காலை 5 மணி 31 நிமிசத்துக்கு அடிக்கல் வச்சாருன்னு ஊருல சொல்லுதாவ. அந்த எண்ணையெல்லாம் சேத்து எழுதிப் பாரும்: 135797531. எந்தப் பக்கமிருந்து வாசிச்சாலும் ஒண்ணுதான். சோசியர் குறிச்ச நேரமாம். முகூர்த்தப் பைத்தியம் நமக்கு மட்டுந்தான்னுல்லா நான் நெனச்சிருந்தேன்! ராசாவையும் குத்தஞ் சொல்ல முடியாது. அதுக்கு முந்தி அங்கன நின்ன ஜூடித் பாலத்தை 1342 வெள்ளம் வாரிக்கிட்டுப் போயிருந்துச்சு. பயந்தவன் சோசியனைத்தான தேடுவான்.

சுண்ணாம்புல முட்டை கலந்தா இறுகி நிக்கும்னு ஊர் ஊரா முட்டை கேட்டாவங்கதும் ஒரு கதை. வெல்வாரிங்கிற ஊர்க்காரன், வழியில ஒடஞ்சிரப்பிடாதேன்னு வேகவச்சு அனுப்பிட்டானாம். இன்னைக்கும் அவனைக் கேலி பேசுதாவ. எனக்கு அவன் பேர்ல மரியாதைதான். சர்க்காரு கேட்டதைக் குடுத்தாச்சு, சரக்கும் சேதாரமில்லாமப் போய்ச் சேந்துட்டு. ஒரு குடியானவன் இதுக்கு மேல என்ன செய்யணுங்கீரு?

துட்டு மாத்தணும்லா? அங்கன யூரோ கெடையாது, கொருனா. 'கமிஷன் இல்லை'ன்னு பெருசா எழுதிப் போட்ட கடையாப் பாத்து நுழையும். கமிஷன் நெசமாவே இருக்காது, மாத்துத விலையிலயே அறுத்திருப்பான். 2019லயிருந்து ஒரு சட்டம் இருக்கு: மாத்தின மூணு மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் நின்னா, வேண்டாம்னு திருப்பி வாங்கிக்கிடலாம். நீரு ராத்திரி படுக்கையில உக்காந்துதான் கணக்குப் பாப்பீரு, அதனால சட்டத்துக்கு உம்மால ஒரு தொந்தரவும் இல்ல. மிச்சத் துட்டுக்கு த்ருதெல்னிக் வாங்கித் தின்னும். மாவை உருளையில சுத்தி, வாட்டி, சீனி பெரட்டித் தருவான். ஆதிகாலத்துப் பலகாரம்னு போர்டு இருக்கும். மவ கூட வேலை பாக்குத அந்த ஊருப் பிள்ளைகிட்ட விசாரிச்சேன். சின்ன வயசுல நான் அதைக் கண்டதே இல்லன்னுட்டுது.

பழைய நகரத்துப் பக்கமிருந்து ஏறினா, பாலத்து நடுவுல வலது பக்கம் ஒரு வெண்கலச் சாமியாரு, தலையைச் சுத்தி அஞ்சு நட்சத்திரம். அதான் நெப்போமுக் யோவான். 1393ல இவரைச் சித்திரவதை பண்ணி ஆத்துல தூக்கிப் போட்டது சார்லஸ் மவன் வென்செஸ்லாஸ். அப்பன் ஆரம்பிச்ச பாலம் மவனுக்கு இப்படியும் ஒதவுச்சு. ராணி சொன்ன பாவசங்கீர்த்தனத்தை ராசாகிட்ட ஒளற மாட்டேன்னாராம், அதான் குத்தம்னு ஊரு சொல்லுது. ஒரு மடத்துக்கு யாரைத் தலைவராப் போடுததுங்கிற தகராறுல போன உசுருன்னு சரித்திரக்காரவ சொல்லுதாவ. பதவிச் சண்டைன்னா எவன் சிலைய வந்து தொடுவான்? ராணி கதைதான் செல்லும். புனிதர் பட்டம் கெடச்சது 1729ல. சிலை 1683லயே நின்னாச்சு. ரோமாபுரிக்குத்தான் கொஞ்சம் பைய தெரிஞ்சிருக்கு.

அடியில இருக்க தகட்டுல, அவரு ஆத்துல விழுத இடத்தைத் தடவித் தடவித் தங்கமா மின்ன வச்சிருக்காவ. தடவினா அதிர்ஷ்டமாம். பக்கத்துத் தகட்டுல ஒரு வீரனும் நாயும், நாயும் மின்னுது. அது என்ன புண்ணியம் பண்ணுச்சுன்னு கேட்டதுக்கு ஆளுக்கொரு வெளக்கம் சொன்னாவ. நீரு கேள்வி கேக்காம ரெண்டையும் தடவிரும். அந்த நேரத்துல உம்ம பின் பாக்கெட்டையும் ஒருத்தன் தடவுவான். ஒருத்தருக்காவது அதிர்ஷ்டம் உறுதி.

சவேரியாரும் அங்கன இருக்காரு மருமவனே. 1542ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவ சனத்துக்கு மந்திரம் சொல்லிக் குடுத்தாரே, அதே ஆளு. மணப்பாட்டுக் கொகை ஞாபகம் இருக்கா? புரோகோஃப்ங்கிற சிற்பி 1711ல செஞ்ச சிலையில அவரு ஒசரத்துல நிக்காரு. கீழ்த்திசை ஆளுக பீடத்தைத் தோள்ல சொமக்காவ. எனக்கு அந்த ஏற்பாடு அவ்வளவாப் பிடிக்கல. இங்க கடக்கரை மணல்ல நடந்த மனுசன், அங்கன போய் அடுத்தவன் தோள்ல ஏறிட்டாரு. 1890 செப்டம்பர் வெள்ளத்துல மரக்கட்டைக வந்து தூண்ல அடைஞ்சு, தண்ணி தேங்கி, மூணு வளைவு சரிஞ்சப்ப, அவரும் ஆத்தோட போனாரு, கூடவே இக்னாசியார் சிலையும். இப்ப நிக்கது நகல். அவரு மட்டுமா, முக்காவாசி சிலையும் நகல்தான்; அசலை அருங்காட்சியகத்துல கொண்டு வச்சுட்டாவ. இதை உம்ம கைடு சொல்ல மாட்டாரு, நீரும் கேட்டு அவரு பொழைப்பைக் கெடுக்காதீரும்.

கைடு கீழ எறங்கவும் விட மாட்டாரு. கம்பாங்கிற தீவுக்குப் படி வழியா எறங்கினா, தூணுக்கு முன்னால, நீரோட்டத்துக்கு எதிர்க்க, பெரிய பெரிய உத்தரத்தைச் சாச்சு மரக்கட்டு கட்டியிருப்பாவ. பனிக்காலத்துல மெதந்து வார ஐஸ்கட்டி அதுல மோதி நொறுங்கும், தூணுக்கு அடி படாது. 2002 வெள்ளத்துல ஊரே ஓடினப்பவும் பாலம் நின்னுட்டு. வெயில்ல நான் அந்த எடத்துலதான் போய் உக்காருவேன். போட்டோ எடுக்க அங்கன ஒண்ணுமில்ல, நீரு வர வேண்டாம்.

பழைய நகரத்துக் கரைச்சுவத்துல ஒரு கல்லுத் தலை இருக்கு, தாடியோட. பழைய ஜூடித் பாலத்துக் காலத்துத் தலைன்னு சொல்லுதாவ. வெள்ளம் அளக்க ஊர்க்காரவளுக்கு அதுதான் அடையாளம். தண்ணி தாடியைத் தொட்டா கரையோரம் முழுகும். வாய்க்கு ஏறினா தெருவுக்குள்ள வந்துரும். வழுக்கைத் தலையை மூடினா நகரச் சதுக்கத்துல படகு விடலாம். பாலத்து மேலருந்து எட்டி, குனிஞ்சு தேடினாத்தான் தெரிவாரு. அவரைத் தடவினா அதிர்ஷ்டம்னு இதுவரைக்கும் ஒருத்தனும் சொல்லல, கை எட்டாதுல்லா.