ஊருக்குத் தண்ணி காட்டிய பத்திரிகை

1905ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி காலையில் லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள் வாசல் கதவைத் திறந்தபோது ஓர் ஆறு வந்து கிடந்தது. 'லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்' கொட்டை எழுத்தில் கொண்டுவந்து போட்ட ஆறு. இருநூறு மைலுக்கு அப்பால், சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே ஓடும் ஓவன்ஸ் ஆற்றைக் கால்வாய் வெட்டி நகரத்துக்கு இழுத்துவரப் போகிறார்களாம். நிலம் வாங்கி முடிகிற வரை யாரும் வாய் திறப்பதில்லை என்று ஊர்ப் பத்திரிகைகள் எல்லாம் தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. டைம்ஸ் அந்தப் பேச்சை மீறி முந்திக்கொண்டது. மக்களுக்குச் செய்தி சொல்வதில் அவ்வளவு அவசரம்.

அவசரத்தில் ஒரே ஒரு செய்தி விடுபட்டுப்போனது. அந்தத் தண்ணீர் வந்து இறங்கப்போகிற சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், சில மாதங்களுக்கு முன்பே ஒரு கூட்டாளிகள் குழு ஏக்கர் 35 டாலர் வீதம் பதினாறாயிரம் ஏக்கர் காய்ந்த தரையை மடக்கிப் போட்டிருந்தது. அப்போது அந்தப் பள்ளத்தாக்கு நகர எல்லைக்குள்கூட இல்லை. கூட்டாளிகள் யார் யார் என்றால், ரயில்வே அதிபர்கள் ஹாரிமன், ஹண்டிங்டன். போட்டிப் பத்திரிகையான 'எக்ஸ்பிரஸ்' நடத்திய ஏர்ல். நகரத் தண்ணீர் வாரியத்தில் உறுப்பினராக உட்கார்ந்திருந்த மோசஸ் ஷெர்மன். இவர்களோடு, டைம்ஸ் முதலாளி ஜெனரல் ஹாரிசன் கிரே ஓடிஸ்.

ஆகஸ்டில் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் 'எக்ஸாமினர்' இதைப் போட்டு உடைத்தது. ஹெர்ஸ்ட் அரிச்சந்திரன் பரம்பரை அல்ல. வாக்கெடுப்புக்கு முன்னால் அவரும் திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டார். செப்டம்பரில் மக்கள் கால்வாய்க்கான கடன் பத்திரத்துக்குப் பெருவாரியாக வாக்களித்தார்கள். தாகத்தில் இருக்கிறவனிடம் பாத்திரம் யாருடையது என்று விசாரிக்கச் சொன்னால் விசாரிப்பானா? ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலோ, முன்னாள் மேயர் ஃப்ரெட் ஈட்டன் நிலம் வாங்கிக்கொண்டு திரிந்தார். அவரை அரசின் பாசனத் திட்டத்துக்கான ஆள் என்று நம்பிப் பல விவசாயிகள் எழுதிக் கொடுத்தார்கள். வாஷிங்டன் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக யாரும் குடியேறிவிடக் கூடாது என்பதற்காக, மரமே இல்லாத அந்தத் தரையைத் தேசியக் காடு என்று அறிவித்தது. அங்கதம் எழுதுகிறவனுக்கு இந்த அரசுகள் வேலையே வைப்பதில்லை.

1913 நவம்பரில் 233 மைல் கால்வாயின் மதகு திறந்தது. 1915இல் பள்ளத்தாக்கு நகரத்தோடு சேர்க்கப்பட்டது. இடையில் ஓடிஸும் அவர் மருமகன் ஹாரி சாண்ட்லரும் வேறு சிலரோடு சேர்ந்து அதே பள்ளத்தாக்கில் நாற்பத்தேழாயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்து மனை போட்டிருந்தார்கள். மறுமுனையில் ஓவன்ஸ் ஏரி 1920களிலேயே வறண்டது. அதன் உப்புப் படுகையிலிருந்து கிளம்பிய புழுதி அமெரிக்காவிலேயே மோசமான தூசி மண்டலங்களில் ஒன்றானது. அதை அடக்க நகரம் இதுவரை இருநூறு கோடி டாலருக்கும் மேல் கொட்டியிருக்கிறது. லாபத்தில் பங்கு வாங்கியவர்கள் யாரும் இந்தப் பட்டுவாடாவில் இல்லை. இது தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறவன் பணம்.

இப்படியொரு பத்திரிகையைப் பத்திரிகை என்று நம்பி ஒரு நூற்றாண்டுக்கு மேல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். 1881 டிசம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே ஓடிஸ் கைக்கு வந்த டைம்ஸ், என் கணக்கில் ஒரு மனை வியாபாரியின் துண்டுப் பிரசுரம். கட்டணம் வாங்கிக்கொண்டு விநியோகிக்கப்பட்ட துண்டுப் பிரசுரம். ஹாலிவுட் மலை மீது நிற்கும் வெள்ளை எழுத்துகளைப் பார்த்து உலகமே உருகுகிறதே, அதுவும் 1923இல் சாண்ட்லரும் கூட்டாளிகளும் மனை விற்க வைத்த விளம்பரப் பலகைதான். மருமகனுக்கு மெக்ஸிகோவிலும் எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தது. அந்த நாட்டுப் புரட்சி பற்றி டைம்ஸ் எழுதியதைப் படிக்கும்போது இந்த ஏக்கர் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜெனரல் ஓடிஸ் தனி ரகம். உள்நாட்டுப் போரிலும் பிலிப்பைன்ஸ் போரிலும் சண்டை போட்டவர். வீட்டுக்கு 'பாசறை' என்று பெயர் வைத்தவர். கார் முகப்பில் ஒரு குட்டிப் பீரங்கியை மாட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தார் என்பார்கள். இளமையில் அவரே அச்சுக்கோத்த தொழிலாளி, சங்கத்து ஆள். ஏணி மேல் ஏறியதும் ஏணியை உதைத்தார் என்று சொன்னால் போதாது. பிறகு ஊரில் யாருமே ஏணி செய்யக் கூடாது என்று இயக்கம் நடத்தினார். 1890இல் தன் அச்சகத்துச் சங்கத்தை வெளியே தள்ளினார். அதன்பின் நகரத்தையே சங்கமில்லாத ஊராக்க முதலாளிகளைத் திரட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'தொழில் சுதந்திரம்'.

1910 அக்டோபர் 1ஆம் தேதி பின்னிரவு ஒரு மணிக்கு மேல் டைம்ஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. 21 பேர் செத்தார்கள். இதன் பின்னால் இருந்தவர்கள் இரும்புக் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புடைய மெக்நமாரா சகோதரர்கள். முதலாளி மீது கோபம் கொண்டு, அவர் ஊரிலேயே இல்லாத இரவில், கூலிக்கு இரவு வேலை பார்த்தவர்களைக் கொன்ற மகா புரட்சி. சகோதரர்களுக்காகப் பிரபல வக்கீல் கிளாரன்ஸ் டாரோ வாதாட வந்தார். ஆனால் 1911 டிசம்பரில் சகோதரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்காக நின்ற சோஷலிஸ்ட் வேட்பாளர் ஜோப் ஹாரிமன் அதே வாரம் மேயர் தேர்தலில் தோற்றார். கால்வாய் நில பேரத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவரும் அவர்தான். அந்த 21 பிணங்களை ஓடிஸ் வட்டிக்கு விட்டார். பல பத்தாண்டுகள் வட்டி வந்துகொண்டே இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர்களுக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லை. செத்த பிறகு சங்கத்துக்கு எதிரான தியாகிகள் என்ற பதவி மட்டும் கிடைத்தது.

ஓடிஸ் 1917இல் போய்ச் சேர்ந்தார். மருமகன் ஆட்சியில் தொழில்நுட்பம் முன்னேறியது. 1934இல் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் வறுமையை ஒழிப்பேன் என்று சொல்லிக் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு நின்றார். டைம்ஸ் தினமும் முதல் பக்கத்தில் பெட்டி கட்டி அவருடைய மேற்கோள் ஒன்றைப் போட்டது. மேற்கோள்கள் உண்மையானவை. சொன்னது மட்டும் சின்க்ளேர் அல்ல, அவருடைய நாவல்களில் வரும் பாத்திரங்கள். திருமண பந்தத்தைப் பழிக்கும் கதாபாத்திரம் ஒருவன் பேசியது வேட்பாளரின் கொள்கையாக அச்சேறியது. கம்பன் மீது இராவணன் வசனத்துக்காக வழக்குப் போடுவது மாதிரி. டைம்ஸின் அரசியல் ஆசிரியர் கைல் பாமர் பகலில் செய்தி எழுதினார். சின்க்ளேரைக் கவிழ்க்கும் பிரச்சாரத்துக்கு ஹாலிவுட் ஸ்டூடியோவுக்கும் இரவல் போனார். சின்க்ளேர் இன்று எங்கே பேசுகிறார் என்று டைம்ஸில் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், நியூயார்க்கிலிருந்து வந்த நிருபர் ஒருவர் பாமரிடமே கேட்டார். இரண்டு தரப்பையும் போடுகிற அந்த மாதிரி அசிங்கமெல்லாம் எங்களிடம் கிடையாது என்ற பொருளில் பதில் வந்தது. எனக்கு இந்த ஆள் மீது ஒரு மரியாதைகூட உண்டு. பொய் சொல்கிறவர்களில் நேர்மையானவர்.

சின்க்ளேர் தோற்றார். பாமர் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் குடியரசுக் கட்சி வேட்பாளர்களுக்குக் கிரீடம் சூட்டிக்கொண்டிருந்தார். ரிச்சர்ட் நிக்சன் என்ற இளம் வக்கீலும் அந்தக் கையால்தான் வளர்ந்தார். பயிர் நன்றாகத்தான் விளைந்தது.

1942இல் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாமில் அடைக்கச் சொல்லி டைம்ஸ் எழுதியது. பாம்பின் முட்டை எந்த ஊரில் பொரிந்தாலும் பாம்புதான் என்று அந்தப் பக்கங்களில் வாதம் வந்தது. இந்த மண்ணில் பிறந்து, இந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த குழந்தைகளைப் பற்றி எழுதிய வாக்கியம் அது. அவர்களைக் கூட்டிப்போன முகாம்களில் ஒன்றான மன்சனார் எங்கே இருந்தது தெரியுமா? ஓவன்ஸ் பள்ளத்தாக்கில். தண்ணீர் உறிஞ்சப்பட்டு, விவசாயிகள் கைவிட்டுப்போன ஆப்பிள் தோட்டத்து ஊரில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில். ஒரே பள்ளத்தாக்கை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனம்.

நிலம் என்றால் டைம்ஸுக்குக் கண் மின்னும், ஆனால் ஏழைக்கு வீடு என்றால் கண் சிவக்கும். ஷாவேஸ் ரவீன் என்ற மெக்ஸிகோ வம்சாவளிக் குடியிருப்பை, பொதுக் குடியிருப்புத் திட்டம் வருகிறது, புது வீட்டில் உங்களுக்கே முன்னுரிமை என்று சொல்லி 1950இல் காலி செய்யத் தொடங்கினார்கள். ஆட்கள் போன பிறகு பொதுக் குடியிருப்பு சோஷலிசம் என்று டைம்ஸ் கூப்பாடு போட்டது. ஜெனரல் ஓடிஸின் பேரன் நார்மன் சாண்ட்லர் பொறுக்கி நிறுத்திய நாரிஸ் பவுல்சன் 1953இல் மேயரானார். திட்டம் குப்பைக்குப் போனது. இடம் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்குப் போனது. 1959 மே மாதம் மிச்சமிருந்த குடும்பத்துப் பெண்களைப் போலீஸ் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தது. வீடு கட்டுவது சோஷலிசம்; வீட்டை இடித்த இடத்தை ஒரு தனியார் அணிக்குத் தூக்கிக் கொடுப்பது மட்டும் நாட்டுப்பற்று.

1960இல் கொள்ளுப்பேரன் ஓடிஸ் சாண்ட்லர் வந்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: இருபது வருடம் அவர் நிஜமாகவே ஒரு பத்திரிகை நடத்தினார். தன் உறவினர்களே ஆதரித்த, தீவிர வலதுசாரி அமைப்பான ஜான் பிர்ச் சங்கத்தை 1961இல் அம்பலப்படுத்தினார். ஆனால் 1965இல் கறுப்பினத்தவர் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தபோது உள்ளே அனுப்ப டைம்ஸிடம் ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அந்தச் செய்திகளுக்காகப் புலிட்சர் பரிசும் வாங்கினார்கள்.

பிறகு காலை உணவுப் பொட்டலம் விற்கும் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்திலிருந்து மார்க் வில்லஸ் என்பவர் நிர்வாகத்துக்கு வந்தார். செய்திப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவே இருக்கும் சுவரைப் பீரங்கி வைத்தாவது உடைப்பேன் என்ற தோரணையில் பேசியவர். 1999 அக்டோபரில் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கம் பற்றி ஒரு சிறப்பிதழ் வந்தது. சுமார் இருபது லட்சம் டாலர் விளம்பர வருவாய். அதன் லாபத்தில் அந்த அரங்கத்துக்கே பங்கு என்பது அதை எழுதிய நிருபர்களுக்குத் தெரியாது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுக் கொதித்தார்கள். ஓய்வுபெற்ற ஓடிஸ் சாண்ட்லரும் தொலைபேசி வழியே கண்டனக் கடிதம் அனுப்பினார். எனக்கு மட்டும் இதில் என்ன புதுமை என்று புரியவில்லை. 1905லேயே செய்தியிலும் லாபத்திலும் பங்கு வைத்திருந்த கடையில், பாதிப் பங்கு கொடுத்ததற்கா இவ்வளவு அழுகை?

அடுத்த ஆண்டே குடும்பம் டைம்ஸைச் சிகாகோவின் டிரிபியூன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு நகர்ந்தது. 2007இல் அந்த நிறுவனம் சாம் ஜெல் என்ற ரியல் எஸ்டேட் அதிபர் கையில் விழுந்தது. பணம் கடன், உரிமை ஊழியர்களுடைய ஓய்வூதியப் பங்குத் திட்டத்தின் பெயரில். ஒரு வருடத்தில் திவால். மனை வியாபாரிக்குப் பிறந்த பத்திரிகையை மனை வியாபாரியே அடக்கம் செய்யப் பார்த்தார்.

2018 ஜனவரியில் டைம்ஸ் செய்திப் பிரிவு 248க்கு 44 என்று வாக்களித்துச் சங்கம் வைத்தது. ஓடிஸுக்குப் பீரங்கி கிடைக்காத இடத்தில் இருந்து ஒரு வசையாவது வந்திருக்கும். 2017இல் ஜப்பானிய வம்சாவளியினருக்குச் செய்ததற்கும், 2020இல் எண்பது ஆண்டு வெள்ளை இன வெறிக்கும் டைம்ஸ் மன்னிப்புக் கேட்டது. பணத்தை வாரிசுகள் எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு எழுதும் வேலை மாதச் சம்பளக்காரர்கள் தலையில் விழுந்தது. 2024 ஜனவரியில் அந்தச் சம்பளக்காரர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார் இப்போதைய முதலாளி, மருத்துவரும் கோடீஸ்வரருமான பேட்ரிக் சூன்-ஷியோங். அலுவலகம் இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான எல் செகுண்டோவில் இருக்கிறது. நகரத்தை ஏக்கர் ஏக்கராக விற்ற பத்திரிகைக்கு நகரத்துக்குள் இடமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் கமலா ஹாரிஸுக்கு ஆதரவாக ஆசிரியர் குழு எழுத இருந்த தலையங்கத்தை முதலாளி நிறுத்தினார். தலையங்கப் பிரிவின் ஆசிரியர் மரியல் கார்சா ராஜினாமா செய்தார். 2025 மார்ச்சில் அடுத்த அவதாரம்: கருத்துக் கட்டுரைகளின் கீழே அது இடதா வலதா என்று அளந்து, மறுபக்க வாதத்தையும் தானே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. அனஹைம் நகரசபையை வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் கைப்பற்றியதும், மக்கள் அவர்களைத் துரத்தியதும் பற்றி கஸ்டாவோ அரெல்லானோ நூறாண்டு நினைவுக் கட்டுரை எழுதினார். க்ளான் வெறுப்பு இயக்கம் என்பதைவிடச் சமூக மாற்றங்களுக்கு எதிர்வினை காட்டிய வெள்ளைப் புராட்டஸ்டன்ட் கலாச்சாரத்தின் விளைவு என்றும் உள்ளூர் வரலாறுகள் சில சமயம் சித்தரிப்பதாக அந்தக் கருவி கீழே மறுபக்கம் சேர்த்தது. கூச்சல் எழுந்ததும் அந்தக் கட்டுரையிலிருந்து கருவியைக் கழற்றினார்கள். மற்றவற்றில் விட்டுவைத்தார்கள். இந்த வேலைக்கு ஒரு காலத்தில் கைல் பாமருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது.