ஆபத்துக்காலச் சாவி

பேரிடருக்குத் தயாராவது பெரிய வேலை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சென்னையில் தரைத்தள வாடகை வீட்டில் குடியிருப்பவன் நான். பாடம் நடத்தும் கல்லூரியில், வேறு யாரும் கையைத் தூக்காததால், பேரிடர் மேலாண்மைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராகவும் இருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதலில் வீடு. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டலாம் என்று அர்த்தம். நமக்கு அதன் அர்த்தம் வேறு: நாளைக்கு லீவு, இன்றைக்கே நாலு பாக்கெட் பால். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜும் போகும், பால் திரியும் என்பதெல்லாம் நாளைய கவலை.

டார்ச் லைட் அவசியம். அதன் பேட்டரியைப் போன மாதமே டிவி ரிமோட்டுக்கு மாற்றியிருப்பீர்கள். கரண்ட் போனதும் ரிமோட்டிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இருட்டில் ரிமோட்டைத் தேடுவதற்கு மட்டும் ஒரு டார்ச் தேவைப்படும்.

மார்க் ஷீட், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் பீரோவின் அடித்தட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்களே, அன்றைக்கு அடையாற்றை ஒட்டிய வீடுகளில் தண்ணீர் முதலில் புகுந்து பார்த்தது அந்தத் தட்டைத்தான். நகல் சான்றிதழ் கொடுக்க அரசு தனியாக முகாமே நடத்த வேண்டியிருந்தது. என் பட்டச் சான்றிதழை மொட்டைமாடிக் கொடியில், மனைவியின் நைட்டிக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். ஊரிலேயே உருப்படியாகத் தயாராகிறவர்கள் வேளச்சேரிக்காரர்கள்தான். 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். கார் பிழைத்துக்கொள்ளும்.

கையில் ரொக்கம் வேண்டாம், போனில் பணம் இருக்கிறதே என்பீர்கள். 2023 மிக்ஜாம் புயலில் கரண்டும் டவரும் சேர்ந்து போன தெருக்களில், அந்தப் பணத்தால் ஒரு மெழுகுவர்த்திகூட வாங்க முடியவில்லை.

கேஸ் வாசனை வந்தால் விளக்கைப் போட்டுப் பார்ப்பது நம் குலவழக்கம். இந்த ஒரு இடத்தில் கிண்டலை ஓரம்கட்டிவிடுகிறேன். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே வந்தபிறகு 1906க்குப் போன் செய்யுங்கள்.

இனி கல்லூரி. இங்கே தயாரிப்பு என்பது ஒத்திகை. ஒத்திகைக்கு முதல் தேவை ஃபிளெக்ஸ் பேனர், அடுத்தது சிறப்பு விருந்தினர், அப்புறம் சால்வை. தீ எங்கே எரிய வேண்டும் என்பது மேடை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. போன வருஷம் மைதானத்தில் தகர டின்னில் பழைய விடைத்தாளைப் போட்டுக் கொளுத்தினோம். வரவேற்புரை முடிவதற்குள் அது தானாக அணைந்துவிட்டது. புகைப்படத்துக்காக மறுபடி பற்றவைத்தோம்.

தீயணைப்புக் கருவியை இயக்குவது சுலபம்: பின்னை உருவு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டு, கைப்பிடியை அழுத்து, இப்படியும் அப்படியுமாக வீசு. சிறிய கருவி சில விநாடிகளில் காலியாகிவிடும். எங்கள் கருவிக்கு அந்தச் சிரமமும் இல்லை. முள் எப்போதோ பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அப்படியே இருக்கிறது.

அபாய மணி அடித்தால் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும்? லிஃப்டைத் தொடாமல் படி வழியாக இறங்கி, 'கூடுமிடம்' என்று போர்டு மாட்டிய இடத்தில் கூட வேண்டும். அந்த இடத்தில் முதல்வரின் கார் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் மணி கேட்டதும் பீரியட் முடிந்ததென்று கேன்டீனில் கூடினார்கள். கட்டடத்தை ஏழே நிமிஷத்தில் காலி செய்தோம் என்று அறிக்கையில் எழுதினேன். பொய்யில்லை.

விடுதிக்கு அவசர வழி உண்டு. பின்பக்கம் இரும்புக் கதவு, மேலே பச்சை எழுத்துப் பலகை. பையன்கள் ராத்திரி ஷோவுக்கு நழுவுகிறார்கள் என்று அதில் பூட்டுப் போட்டிருக்கிறோம். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். அண்ணன் டீக்கடையில். கடை எதிர்ச்சாரியில்.

2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனபிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரையைப் பிரித்தோம். பூட்டை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் நான் சொன்னேன். "சார், ஒழுக்கப் பிரச்சினை வரும்" என்றார்கள். குறிப்பேட்டில் அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் பிள்ளையும் ஏதாவது விடுதியில்தான் இருக்கும். ராத்திரி போன் போட்டு "சாப்ட்டியாப்பா" என்று கேட்பீர்கள் இல்லையா, அதோடு பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.