குளத்தைத் தூர்வாரு, கேள்வியைத் தூர்த்துவிடு

சமூக சேவைக்கு விருது வாங்க வேண்டுமா தம்பி? வா, உட்கார். தங்கச்சி, நீயும் வாம்மா. ஆணுக்கு மூன்று விருது என்றால் பெண்ணுக்கும் மூன்று. அந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் கறார்.

முதலில் பெரிய விருதைப் பார்ப்போம். முதலமைச்சர் மாநில இளைஞர் விருது. 2015-ல் தொடங்கியது. ஆகஸ்ட் 15 அன்று ஆறு பேருக்குத் தருகிறார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய், பதக்கம், பாராட்டுச் சான்று. வயது 15 முதல் 35 வரை இருக்கலாம். ஐந்து வருஷமாவது தமிழ்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். அரசு வேலையில் இருந்தால் விண்ணப்பிக்க முடியாது. நீ செய்த தொண்டு கண்டறியக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உள்ளூர் மக்களிடம் உனக்கிருக்கும் செல்வாக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

'அளவிடக்கூடியது' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நட்ட மரக்கன்றை எண்ணலாம். கொடுத்த ரத்தத்தை யூனிட்டில் சொல்லலாம். பொறுக்கிய பிளாஸ்டிக்கை மூட்டை கட்டி எடை போடலாம். ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்தது யார் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கேட்டாயே, அதை எந்தத் தராசில் நிறுப்பது? அதற்குப் படிக்கல் இல்லை. ஆகவே அது தொண்டு இல்லை.

குளம் ஒன்று எடுத்துக்கொள். விருதுக்கு அதைவிட ராசியானது கிடையாது. சீமைக் கருவேலத்தை வெட்டு. பொக்லைன் வாடகைக்கு ஊரில் வசூல் பண்ணு. கரையில் பனங்கொட்டை ஊன்று. கலெக்டர் வருவார், சால்வை போடுவார், படம் வரும். ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்து வாய்க்கால் மேல் யாருடைய கல்யாண மண்டபம் நிற்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே. ராத்திரியில் சவுடு மண் அள்ளிப் போகும் டிப்பர்களுக்கு எத்தனை லோடுக்குப் பர்மிட் என்று எண்ணிவிடாதே. எண்ணியவர்கள் கதை உனக்குத் தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுத்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் டிப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். 35 வயதைத் தாண்டியவர். எப்படியும் இந்த விருதுக்குத் தகுதியில்லாதவர்.

ஆறு பேருக்குத்தானே என்று மனம் தளராதே. தனியார் சந்தை பரந்து கிடக்கிறது. 'உங்கள் தன்னலமற்ற சேவையைக் கண்டு வியந்தோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். எந்தச் சேவை என்று அதில் இருக்காது. தேர்வுக்குழு உன்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கும். பதிவுக் கட்டணத்தை ஜிபேயில் தட்டிவிட்டால் போதும். கேடயத்துக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனி, கூட வரும் அம்மா அப்பாவுக்குத் தனி. விருதுக்கு அப்துல் கலாம் பெயர் வைத்திருப்பார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்ன மனுஷன், பாவம். மேடையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சீரியல் நடிகை ஒருவர். ஒன்றரை மணி நேரத்தில் நூறு சாதனையாளர்கள். ஏறு, சிரி, இறங்கு.

மிகைப்படுத்துகிறேன் என்கிறாயா? 2023 பிப்ரவரி 26-ஐ நினைத்துப் பார். சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தைப் பிடித்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை மேடையில் உட்காரவைத்து, ஒரு தனியார் அமைப்பு கௌரவ டாக்டர் பட்டங்களை வாரி வழங்கியது. திரைப் பிரபலங்களுக்கும் யூடியூபர்களுக்கும் பட்டம். 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை' என்று பல்கலைக்கழகம் போலீசுக்கு ஓடியது. பட்டம் கொடுத்த அமைப்பின் பெயரில் ஊழல் தடுப்பும் இருந்தது, மனித உரிமையும் இருந்தது. நேர்மை மட்டும் விடுபட்டுவிட்டது, பலகையில் இடமில்லை போலும்.

இந்தச் சந்தைக்குத் தீனி போடுவது பிள்ளைகளின் ஆசை மட்டுமில்லை. கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் மதிப்பீட்டில், சமூகப் பணிக்காக அரசிடமிருந்தும் அரசு அங்கீகரித்த அமைப்புகளிடமிருந்தும் வாங்கிய விருதுகள் எத்தனை என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. காலியாக விட்டால் மதிப்பெண் போகும். விருது வியாபாரிகளின் லெட்டர்பேடில் 'அரசு பதிவு பெற்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது சும்மா இல்லை. 1969-ல், காந்தி நூற்றாண்டில், தன்னை மறந்து பிறருக்காக உழைக்கும் பிள்ளைகளை வளர்க்கவென்று நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்று பிள்ளைகள் துடைப்பத்தோடு வரிசையில் நிற்க, பேனரில் தாளாளர் சிரிக்கிறார். தெருவில் குப்பை போதவில்லை என்றால் போட்டோவுக்காகக் கொஞ்சம் கொட்டிப் பரப்பவும் ஆள் உண்டு.

சரி, சிரித்தது போதும். இனிச் சொல்லப்போவது சிரிப்பதற்கில்லை.

இந்த விருதுகளை வாங்கித் தரும் தொண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார். ஆதரவற்ற பிணத்தை அடக்கம் செய்தவர், மலைக்கிராமத்துக் கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், வாத்தியார் வராத ஊரில் பாடம் நடத்தியவர். எல்லாமே யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்க வேண்டிய வேலை. மேடையில் வாசிக்கப்படும் பாராட்டுரையைக் கவனமாகக் கேட்டால் அது ஒரு துறையின் குற்றப்பத்திரிகை. அதைத் துறையின் அமைச்சரே கைதட்டிக்கொண்டு கேட்கிறார். 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. ஊர்ப் பெண்பிள்ளைகள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய் சில்லறை. சம்பளம் என்றால் கேவலமாக இருக்குமே, அதனால் பெயர் ஊக்கத்தொகை, செய்பவர் பெயர் தன்னார்வலர். வேலை என்றால் கூலி தர வேண்டும். தொண்டு என்றால் கைதட்டினால் போதும்.

அதே 2015, விருது பிறந்த வருஷம். டிசம்பரில் சென்னை மூழ்கியது. படகு கொண்டுவந்தது மீனவர்கள், சோறு பொங்கியது அக்கம்பக்கத்தவர்கள், இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தது கல்லூரிப் பிள்ளைகள். வழியில் மறித்து, அவர்கள் கொண்டுவந்த மூட்டைகள் மேல் ஆளுங்கட்சிக்காரர்கள் அம்மா ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நாடே காறித் துப்பியது. அன்று ஸ்டிக்கரைப் பொருள் மேல் ஒட்டினார்கள். விருது என்பது அதையே ஆள் மேல் ஒட்டுகிற நாகரிகமான முறை.

2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது, மெரினாவில் என்ன நடந்தது? ஆறு நாள் பிள்ளைகள் கடற்கரையைப் பெருக்கினார்கள், போக்குவரத்தைச் சீர்செய்தார்கள், ஆம்புலன்சுக்கு வழிவிட்டார்கள். 'என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு' என்று போலீசே மெச்சியது. ஏழாம் நாள் காலையில் தடியடி. அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. குப்பை பொறுக்கும்வரை பொறுப்புள்ள இளைஞன்; எழுந்து போக மாட்டேன் என்று சொன்ன நிமிஷத்தில் சமூக விரோதி.

அடுத்து சாராயம். போதை ஒழிப்பு ஊர்வலம் போ, உறுதிமொழி எடு, பதாகை பிடி, படம் வரும். கடையை மூடு என்று மட்டும் சொல்லாதே. மதுரை நந்தினி சட்டக் கல்லூரி மாணவியாக இருந்த காலத்திலிருந்து அப்பா ஆனந்தனோடு தெருவில் நின்று மதுவிலக்கு கேட்டவர். எத்தனையோ தடவை கைது. 2019 ஜூனில், கல்யாணத்துக்குச் சில நாளே இருந்தபோது, நீதிமன்ற அவமதிப்பு என்று அப்பாவையும் மகளையும் சிறைக்கு அனுப்பினார்கள். குறித்த தேதியில் தாலி ஏறவில்லை. 2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வருமானம் 48,344 கோடி ரூபாய். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை கடை. கணக்குப் போட்டுப் பார்: ஆறு இளைஞர்களுக்குத் தரும் ஆறு லட்சத்தைச் சம்பாதிக்கக் கடை 16 விநாடி திறந்திருந்தால் போதும். விருது கொடுக்கிற ஆகஸ்ட் 15 அன்று கடைக்கு விடுமுறை. மரியாதை!

2017 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழக இதழியல் மாணவி வளர்மதி, சேலத்தில் துண்டறிக்கை கொடுத்தார். நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்காக, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நிலத்தை உறிஞ்சும் திட்டங்களுக்கு எதிராக எழுதிய காகிதம். பாய்ந்தது குண்டர் சட்டம். 1982-ல் வந்த அந்தச் சட்டத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர், மணல் கடத்துகிறவர், குடிசை நிலத்தை அபகரிக்கிறவர், திருட்டு வீடியோ விற்கிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். காகிதம் கொடுக்கிற பெண் எந்த வரிசையில் வருகிறார் என்று யாரும் சொல்லவில்லை. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ரத்து செய்துவிட்டால் போதுமா? சிறையில் கழிந்த வாரங்களுக்கு யார் பாராட்டுச் சான்று கொடுப்பது?

வயது வரம்பு 15 முதல் 35 என்று சொன்னேன் அல்லவா? ஸ்னோலினுக்கு 17. ஸ்டெர்லைட் ஆலையால் தன் ஊர்க் காற்றும் தண்ணீரும் கெடக் கூடாது என்று 2018 மே 22 அன்று தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போன கூட்டத்தில் இருந்த பெண். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த 13 பேரில் ஒருத்தி. தன்னார்வத்தோடு போனவள். உள்ளூரில் செல்வாக்குள்ளவள், ஊரே அவளுக்காக அழுதது. கண்டறியக்கூடிய தொண்டா என்றால், துப்பாக்கிக்காரன் சரியாகவே கண்டறிந்தான். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. எல்லாத் தகுதியும் அந்தப் பிள்ளைக்கு இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

அது அந்த ஆட்சி, இது இந்த ஆட்சி என்று கட்சிக்காரன் யாராவது குறுக்கே வந்தால் 2025 ஆகஸ்ட்டைக் காட்டு. சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குத் தாரை வார்க்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. விடியும்வரைகூடக் காத்திருக்க முடியவில்லை. 13-ஆம் தேதி நள்ளிரவில் பெண்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். துணைக்கு நின்ற வழக்கறிஞர்களையும் சட்ட மாணவர்களையும் சேர்த்து அள்ளினார்கள். மறுநாள் அவர்களுக்கு இலவசக் காலை உணவு என்று அறிவிப்பு. அதற்கு மறுநாள் கோட்டையில் கொடி, விருது, பதக்கம். ஒருநாள் தெருவைப் பெருக்கிப் படம் எடுத்துக்கொண்டவன் தொண்டன். ஆயுள் முழுக்கப் பெருக்கியவர்கள் வேலையைக் காப்பாற்றச் சொன்னால் இடைஞ்சல்.

விருது வாங்கிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களில் பலர் உண்மையில் உடம்பை உருக்கி உழைத்தவர்கள். அந்த ஒரு லட்சம் அவர்கள் கைக்காசு போட்டதில் பாதிக்குக்கூட ஈடாகாது. என் கோபமெல்லாம் பந்தலைப் போட்டு, அந்தப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள் மேல்.

விருது கொடுக்கும் ஐயாமார்களே, ஒன்று செய்யுங்கள். விதிகளைத் திருத்துங்கள். சமூக சேவை விருதுகள் சிலவற்றுக்கு, குற்ற வழக்கு ஏதுமில்லை என்று காவல்துறைச் சான்று கேட்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு எஃப்.ஐ.ஆர். நகலை இணைக்கச் சொல்லுங்கள். அளவிடக்கூடிய தொண்டு என்ற இடத்தில், எத்தனை மனு கொடுத்தாய், எத்தனைக்குப் பதில் வரவில்லை என்று கேளுங்கள். உள்ளூர்ச் செல்வாக்கு என்ற இடத்தில், உன்னை மிரட்டிய உள்ளூர்ப் பெரும்புள்ளிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மைக்கைக் கொடுங்கள். ஒரு கேள்வி கேட்கட்டும், அங்கேயே பதில் சொல்லுங்கள். பந்தலில் எத்தனை அதிகாரிகள் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

முடியாது என்றால் பரவாயில்லை, அந்த 16 விநாடி வருமானத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகளின் தோளை நீங்கள் தட்டிக்கொடுக்க வேண்டாம். கேள்வி கேட்கும்போது அவர்கள் சட்டையைப் பிடிக்காமல் இருந்தால் போதும்.